எங்க வீட்டுச் 'சுருட்டை'

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)

நாய் வளர்த்த கதையை ஆண்டு மலரில் எழுதப் போகிறேன் என்றதும் வகுப்பு நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்! இது ஒரு டிராயிங் ஷீட் கிழிந்த கதையும்கூட. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருநீர்மலை அடிவாரத்தில். அப்பா ராத்திரி வாட்ச்மேன். மூன்றாவது வரை படித்தவர். அம்மா பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. குரோம்பேட்டையில் ஒரு வீட்டில் வேலை பார்த்து வந்தார். அந்த வீட்டுக்காரர்கள் வெளிநாடு புறப்பட்டபோது, "ரெண்டே மாசம் பாத்துக்கோம்மா" என்று தங்கள் நாயை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு போன்கூட இல்லை.

அது பூடில் ஜாதி நாய். முழங்கால் உயரம். உடம்பு முழுக்கச் சுருள் சுருளாக முடி. "அண்ணா, இது நாயா, செம்மறி ஆடா?" என்று தெருப் பிள்ளைகள் கேட்டார்கள். அவர்கள் வைத்திருந்த இங்கிலீஷ் பேர் அம்மா வாயில் நுழையவில்லை. 'சுருட்டை' ஆகிவிட்டான்.

பணக்கார வீட்டு நாய், மூலையில் படுத்துத் தூங்கும் என்று நினைத்தேன். எங்கே! ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டான். செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், குடத்தை உருட்டுவான், தாழ்ப்பாளை மூக்கால் நெம்புவான். முடியோ அவ்வளவாகக் கொட்டாது, வளர்ந்துகொண்டே இருக்கும். சீவாமல் விட்டால் சடை பிடித்து அடியில் தோல் புண்ணாகிவிடும். அம்மாவின் பேன் சீப்பில் இரண்டு பல் போனது அவனால்தான்.

மூன்றாம் செமஸ்டரில் மெஷின் டிராயிங் ஷீட் வைக்க வேண்டியிருந்தது. மூன்று நாள் அவனைக் கட்டிப் போட்டுவிட்டு ஸ்க்ரூ ஜாக் அசெம்பிளி வரைந்தேன். கடைசி ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்பினால், கயிறு அறுந்து கிடக்கிறது. ஷீட் நாலு துண்டு! உட்கார்ந்து அழுதேன்.

காலையில் டூட்டி முடிந்து வந்த அப்பா பார்த்தார். "நம்ம வம்சத்துலயே நீ ஒருத்தன்தான்டா படிக்கிற. இது இங்க வேணாம். ஞாயித்துக்கிழமை யாருக்காவது குடுத்துடலாம்" என்றார். எனக்கிருந்த கோபத்தில் நானும் சரி என்றேன்.

ஷீட்டை மறுபடி வரைந்து, தாமதமாகக் கொடுத்து, திட்டும் வாங்கினேன். வாங்கிப் போகிறவர் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று இந்த ஜாதி நாயைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். திகைத்துப் போனேன்.

பூடில் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக உண்டான நாய் இல்லை. வேட்டைக்காரர்கள் சுட்ட வாத்தை நீந்திப் போய்க் கவ்வி வந்த உழைப்பாளி. பிரான்ஸ் நாய் என்று சொல்வார்கள். ஆனால் அந்தப் பேரே தண்ணீரில் அளைவதைச் சொல்லும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்ததுதான். அந்தச் சுருள் முடி குளிர்ந்த தண்ணீருக்கான சட்டை. படங்களில் விசித்திரமாக முடி வெட்டியிருப்பார்களே, அதற்கும் காரணம் உண்டு. நீந்த லேசாக இருக்கட்டும் என்று பின்பக்கம் மழித்தார்கள். குளிர் தாக்காமல் இருக்க நெஞ்சிலும் மூட்டிலும் முடியை விட்டார்கள். பேஷன் ஆனது பிறகுதான். நம் இராஜபாளையம் நாயைப் பாருங்கள். காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன நாய், நம் வெயிலுக்கேற்ற குட்டை முடி. 2005-ல் அதற்கு அஞ்சல்தலையே வெளியிட்டார்கள். ஒரு பாகத்தின் வடிவத்தைப் பார்த்தாலே அதன் வேலை தெரிய வேண்டும் என்று மெஷின் டிராயிங்கில் சொல்லித் தருகிறார்களே, அதேதான்!

ஞாயிறு காலை, கடைசியாக ஒரு தடவை என்று ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனேன். மழை பெய்து விட்டிருந்தது. மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்பது எங்கள் ஊர்த் தலவரலாறு. இவன் ஆறு நொடிகூடக் காத்திருக்கவில்லை. ஒரு தேங்காய் மட்டையை எறிந்தேன். 'தொப்'பென்று குதித்தான். யாரும் சொல்லித் தரவில்லை. நேராக நீந்திப் போய்க் கவ்வி வந்து, என் காலடியில் வைத்து, உடம்பை உதறி என்னையும் நனைத்தான். இருபது தடவையாவது எறிந்திருப்பேன். வீட்டுக்கு வந்து குளிப்பாட்டித் துவட்டியதும் படுத்தவன்தான், சாயங்காலம் வரை எழவில்லை.

வாங்க வந்தவரிடம், "மன்னிச்சுக்குங்க, புள்ளைக்கு மனசு வரல" என்றார் அப்பா. நான் வாயே திறக்கவில்லை!

இப்போது தினமும் காலை ஐந்து மணிக்கு மலையைச் சுற்றி ஓட்டம். டூட்டி முடிந்து வந்ததும் அப்பாதான் சீவிவிடுகிறார், பெரிய பல் சீப்பால். கோடைக்கு முன் தெருமுனை சலூன் அண்ணன், "கட்டிங்கா, ஷேவிங்கா?" என்று கேட்டுக்கொண்டே ஒட்ட வெட்டிவிட்டார். மாமாவின் ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டாயிற்று.

நண்பர்களே, முதல் வருஷம் பாடமெல்லாம் இங்கிலீஷில் வந்தபோது நான் கடைசி பெஞ்சில் கட்டிப் போட்ட மாதிரிதான் இருந்தேன். இரண்டு அரியர். "இவனுக்கு எங்க படிப்பு வரப்போவுது" என்றார்கள் சொந்தக்காரர்கள். ஒர்க்‌ஷாப்பில் அரத்தைக் கையில் கொடுத்த அன்றுதான் எனக்குத் தண்ணீரைக் கண்ட மாதிரி இருந்தது. யாரையும் உருப்படாதது என்று தள்ளும் முன், அவனுக்கு உரிய வேலையைக் கொடுத்துப் பார்த்தோமா என்று கேட்க வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தவன் சுருட்டைதான்.

ஒரு அரியர் முடித்துவிட்டேன். இன்னொன்று பாக்கி. இதை எழுதும்போதும் என் டிராயிங் போர்டுக்குக் கீழேதான் படுத்திருக்கிறான். ஷீட்டை மட்டும் பரண்மேல் வைத்திருக்கிறேன்.