ஃபாரத்தில் ஒட்டிய போட்டோ

"கண்ணோரம் ரெண்டு மஞ்சத் திட்டு இருந்துச்சு சார். அதுக்காக இன்சூரன்ஸ் பணம் கிடையாதுங்கிறாங்க" என்றார் அந்த அம்மா. கணவர் லாரி டிரைவர். 38 வயதில் மாரடைப்பு. பாலிசி எடுத்துப் பதினான்கே மாதம். மூன்று வருடம் முடியாத பாலிசி என்றால் கம்பெனிக்காரர்கள் பழைய சீட்டுகளைத் தோண்டாமல் விடமாட்டார்கள். ஒரு தோல் டாக்டரின் சீட்டு கிடைத்தது. அதில் 'சாந்தெலாஸ்மா' என்ற ஒற்றை வார்த்தை. கொலஸ்ட்ராலை மறைத்த மோசடி என்று க்ளெய்மைத் தள்ளிவிட்டார்கள்.

எனக்கு அந்த வார்த்தையே புதிது. தெரிந்த இதய டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். ரத்தத்திலிருந்து தோலுக்குள் கசியும் கொழுப்பைத் தின்று உப்பிய அணுக்கள்தான் இப்படி மஞ்சளாகத் தெரிகின்றன என்றார். ஆனால் இமையில் திட்டு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தக் கொழுப்பு சரியாகவே இருக்குமாம். எனக்கு வேண்டியது அதுதான். "குதிகாலுக்கு மேல் தசைநாண் தடிச்சிருந்தா கதை வேற வக்கீல் சார், அது பரம்பரைக் கொலஸ்ட்ரால்" என்றும் சொன்னார். வழக்குக்கு உதவாது என்று அதை விட்டுவிட்டேன்.

டிரைவர் கொழுப்புப் பரிசோதனை செய்ததாக ஒரு தாள்கூட எதிர்த்தரப்பிடம் இல்லை. தெரியாததை எப்படி மறைப்பார்? ஆனால் ஆள் இறந்துவிட்டால், மோசடி இல்லையென்று காட்டும் சுமை பணம் கேட்பவர் தலையில்தான். 1938 காப்பீட்டுச் சட்டம் 45ஆம் பிரிவின் வில்லங்கம் அது. அதே பிரிவில் ஒரு வாசலும் உண்டு: சங்கதி கம்பெனிக்கே தெரிந்திருந்தால் மோசடி என்று சொல்ல முடியாது.

ஒரு ராத்திரி ப்ரொபோசல் ஃபாரத்தைப் புரட்டியபோது மூலையில் பாஸ்போர்ட் போட்டோ. ஜெராக்ஸில் முகம் வெறும் கரி. அசலைக் கேட்டு மனுப் போட்டேன். வந்த கலர் போட்டோவில், இரண்டு கண்ணிலும் மூக்கோரமாகத் துவரம்பருப்பை ஒட்டிவைத்ததுபோல் மஞ்சள். கூடவே, நேரில் பரிசோதித்ததாகக் கம்பெனி டாக்டரின் கையெழுத்து. நுகர்வோர் ஆணையத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அதன்பிறகு நான் அதிகம் பேசவில்லை.

ஐந்து லட்சமும் வட்டியும் கொடுக்க உத்தரவு. நகல் வாங்க அந்த அம்மா மகனோடு வந்தார். பையன் வாசலிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். "அவங்கப்பா மாதிரியே குதிகால் தடிப்பு சார், ஷூ உறுத்துதாம்."

எனக்குச் சுருக்கென்றது. திட்டு எதையும் நிரூபிக்காது என்று வாதாடி ஜெயித்தவன் நான். அன்றைக்கே லேபுக்கு அனுப்பினேன். நூறைச் சுற்றி இருக்கவேண்டிய எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால், பத்தொன்பது வயதுப் பையனுக்கு 286. பெற்றோரில் ஒருவருக்குப் பரம்பரைக் கொலஸ்ட்ரால் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று, பையனின் தங்கையையும் டாக்டர் வரச் சொன்னார்.

பையன் அன்றிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறான். தங்கைக்கு 96.