எதிர்க்காதிருக்கக் கற்றல்

நோய் எதிர்ப்பு சக்தி என்ற சொல்லில் எதிர்ப்பு மட்டுமே இருக்கிறது. உடலை ஒரு கோட்டையாகவும் கிருமிகளைப் படையெடுத்து வருவோராகவும் எண்ணிப் பழகிய நமக்கு அதுவே போதுமானதாகத் தோன்றிவந்திருக்கிறது. இந்தச் சித்திரத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவர் ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப். 1882இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில், கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் ரோஜா முட்களைச் செருகிவைத்தார். மறுநாள் காலையில் நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. அந்நியத்தை விழுங்கும் செல்கள் என்ற கருத்து அங்கிருந்து பிறந்தது. 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

என் தங்கையின் நோய் இந்தச் சித்திரத்துக்குள் அடங்கவில்லை. பெருங்குடல் அழற்சி. உடல் மெலிந்து, மலத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்த அந்த மாதங்களில், கொன்றொழிக்க வேண்டிய கிருமி எதுவும் அவளிடம் அகப்படவில்லை. குடலில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியாக்களைச் சகிக்க இயலாமல் எதிர்ப்பு அமைப்பு அவளுடைய குடற்சுவரையே புண்ணாக்குகிறது என்றார் மருத்துவர். ஸ்டீராய்டு எழுதினார். "சக்தியைக் குறைக்கவா மருந்து கொடுக்கிறாங்க?" என்று அம்மா திகைத்தாள்.

நம் உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி மனிதச் செல்களும் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் இருப்பதாக 2016இல் வெளியான கணக்கு சொல்கிறது. பின்னவற்றில் பெரும்பகுதி பெருங்குடலில். அவற்றுக்கும் நமக்கும் இடையே இருப்பது சளிப்படலமும் ஒற்றை வரிசைச் செல்களும்தாம். இவ்வளவு நெருக்கத்தில் ஓயாமல் போர் நடந்தால் எந்த உடலும் தாங்காது. ஆகவே அடங்கியிருக்கவும் உடல் கற்றாக வேண்டும். வியப்பு என்னவெனில், அதைக் கற்பிப்பதில் அந்தப் பாக்டீரியாக்களுக்கே பங்கிருக்கிறது.

எதிர்ப்பு அமைப்பின் வேகத்தைத் தணிக்கும் ஒருவகை டி செல்களை ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி 1995இல் அடையாளம் காட்டினார். 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் அளிக்கப்பட்டது. குடலில் வாழும் கிளாஸ்ட்ரிடியா வகை பாக்டீரியாக்கள் இச்செல்களைப் பெருக்குகின்றன என்பதை 2011இல் கென்யா ஹோண்டாவின் குழு எலிகளில் காட்டியது. நம்மால் செரிக்க இயலாத நார்ச்சத்தை நொதிக்கச்செய்து குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பியூட்டிரேட் அதற்கான வழிகளில் ஒன்று என்பது 2013இல் தெரியவந்தது. நாம் உண்ணும் கீரையும் பயறும் அவற்றின் வழியாகவே சமாதானச் செய்தியாக மாறுகின்றன எனலாம்.

இந்தப் பாடத்துக்குப் பருவமும் உண்டு போலும். கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளுக்குக் குடல் அழற்சி எளிதில் கடுமையாகிறது. பிறந்தவுடன் பாக்டீரியாக்களைச் சேர்த்தால் அது தடுக்கப்படுகிறது. வளர்ந்தபின் சேர்த்துப் பயனில்லை. 2012இல் வெளியான ஆய்வு இது.

அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. மருத்துவர் பேச்சிலிருந்தே அவள் ஊகித்துவிட்டிருந்தாள். தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது நிமோனியா வந்து, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது. "அதுதான் இப்படி ஆக்கிடுச்சா?" என்று ஒவ்வொரு பரிசோதனையின்போதும் கேட்பாள். மரபணு, உணவு, சூழல் என்று பல காரணங்கள் பின்னிக்கிடக்கும் நோய் இது; ஒரு தனி மனிதருக்கு இதனால்தான் வந்ததென்று யாராலும் சுட்ட இயலாது என்பார் அவர். எலிக்கூண்டிலிருந்து ஒரு தாய்க்குத் தீர்ப்பெழுத முடியாது என்றே நானும் நினைக்கிறேன்.

நோய் இப்போது தணிந்திருக்கிறது, நீங்கவில்லை. சென்ற மாதம் அம்மா மறுபடியும் கேட்டபோது தங்கையே பதில் சொன்னாள்: "அன்னைக்கு நீ மருந்து கொடுக்கலைன்னா, இந்தக் கேள்வியைக் கேட்டுக்கிட்டு நான் உன் பக்கத்துல உட்கார்ந்திருப்பேனாம்மா?"