மழையை இறக்கிவைத்த காற்று

ஆடி மாதம் மட்டக்களப்பில் கச்சான் காற்று அடித்தால் கிணறு வற்றுவதும், புழுதி வீட்டுக்குள் வருவதும் நாம் அறிந்ததே. அப்போதெல்லாம் என் அம்மா சொல்வார்: "இது நம்ம மலையில மழைய இறக்கி வச்சிட்டு வெறுங்கையோட வருது."

அம்மா அட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1977 வன்செயலுக்குப் பின் படுவான்கரைக்கு வந்தவர். யுத்தத்தில் பலமுறை இடம்பெயர்ந்தோம். அவர் மலைக்குத் திரும்பவேயில்லை. 2018 ஆடியில் அவருக்காக நான் போனேன்.

கொழும்பிலிருந்து பதுளைப் புகையிரதத்தில் ஏறினேன். வட்டவளையில் மழை. அட்டனிலும் மழை. சின்னம்மாவின் லயத்தில் இரண்டு நாள் தங்கினேன். துவைத்த துணி காயவில்லை. சின்னம்மா தலையில் கம்பளியும் இடுப்பில் படங்குமாகக் கொழுந்தெடுக்கப் போனார். மாலையில் கால் நிறைய அட்டைக்கடி. நிறை போதாததால் அன்று அரைப் பேர்தான்.

இந்த மழை எப்படி வருகிறது? சித்திரை, வைகாசியில் வட இந்திய நிலம் வெயிலில் கொதிக்கிறது. அடுப்புக்கு மேலே அனல் எழுவதுபோல அங்கே சூடான காற்று மேலெழுகிறது. அந்த இடத்தை நோக்கி, பூமத்திய ரேகைக்குத் தெற்கேயுள்ள இந்து சமுத்திரத்திலிருந்து காற்று வருகிறது. பூமி சுழல்வதால், ரேகையைக் கடந்ததும் வலப்பக்கம் வளைந்து தென்மேற்குக் காற்றாகிறது. கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் அதை நமது மலை மறிக்கிறது. மேலே ஏறும் காற்று குளிர்கிறது, ஈரம் மழையாகிறது.

மூன்றாம் நாள் மீண்டும் புகையிரதம். பட்டிப்பொல 1,891 மீற்றர் உயரத்தில் உள்ளது. இலங்கையில் இதைவிட உயரமான புகையிரத நிலையம் இல்லை. அங்கே தூறலும் பனிமூட்டமும். அடுத்த சுரங்கத்தைத் தாண்டி ஒஹியப் பக்கம் வந்தபோது வெயில்! பண்டாரவளையில் உலர்ந்த காற்று முகத்தில் அடித்தது. ஈரத்தை இழந்து கீழே இறங்கும் காற்று, ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடாகிறது. அதுவே கிழக்கே நமது கச்சான்.

ஆடி, ஆவணியில் இந்த உலர்காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற மணத்தைத் தருகிறது. ஆனால் மணம் கூடினாலும் கொழுந்தெடுப்பவரின் நாட்சம்பளம் கூடுவதில்லை.

கார்த்திகை, மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது மழை நமக்கு. பெரும்போக வயல் பச்சை பிடிக்கும். தை, மாசியில் அட்டன் பக்கம் வெயிலும் குளிருமாக இருக்கும். திம்புளைத் தேயிலைக்கு மணம் சேரும் காலம் அது.

திரும்பி வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். "அதத்தானே நான் சொன்னேன்" என்றார். இப்போதெல்லாம் இங்கே கச்சான் தொடங்கிய அன்றே அவர் தங்கைக்குத் தொலைபேசி எடுப்பார். சுகம் விசாரிக்கும் முன் கேட்பது ஒன்றுதான்: "அங்க மழையா? இன்னிக்கு முழுப் பேர் கெடச்சிச்சா?"