கிழக்கே பார்த்த கூத்தாடி

“கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்” என்றோர் பழமொழி உண்டு. விடிந்தால் ஆட்டம் முடியும், கால் ஓயும் என்று கூத்தாடி கீழ்வானத்தைப் பார்க்கிறான். பொழுது சாய்ந்தால் வேலை தீரும், முதுகு நிமிரும் என்று கூலிக்காரன் மேல்வானத்தைப் பார்க்கிறான். திசைதான் வேறு, தேடுவது இருவருக்கும் ஒன்றுதான்! ஆனால் ஊர் இருவரையும் ஒன்றாக எண்ணவில்லை. ஆடுபவனின் பெயரையே எடுத்து வசையாக்கிற்று. மேடையேறிய அரசியல்காரர்களை ஏசுவதற்கும் அந்தச் சொல்தானே பயன்பட்டது! காஞ்சியிலே பிறந்த அண்ணா, தாம் எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்திலே காகபட்டராக வேடமேற்று நடித்தவர். ‘கூத்தாடிகள்’ என்று சிரித்தனர் சிலர். 1967-இலே அந்தக் கூத்தாடி கோட்டைக்குள் நுழைந்தபோது சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன.

சங்க நாளிலே அச்சொல்லுக்கு இந்த இழிவு இல்லை. ‘கூத்தர்’ என்றனர், அவர்களை வள்ளலிடம் வழிகாட்டி அனுப்பத் தனிப்பாட்டே பாடினர். மலைபடுகடாத்துக்குக் ‘கூத்தராற்றுப்படை’ என்றே மற்றொரு பெயர். அதன் தலைவன் நன்னன் ஆண்ட செங்கண்மா, இன்றைய செங்கம். எங்கள் பக்கத்துச் சீமைதான்!

எங்கள் கூரத்துக்கும் இதிலே ஒரு பங்குண்டு. வைணவர்களுக்குக் கூரத்தாழ்வான் பிறந்த ஊர். வரலாறு படிப்போருக்குக் கூரம் செப்பேடு கிடைத்த ஊர். ஏழாம் நூற்றாண்டிலே பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய பட்டயம் அது. ஓர் ஊரின் விளைவை 25 பங்காக்கினான் மன்னன். நான்மறை வல்லார்க்கு 20 பங்கு. கோயில் பூசைக்கும் பழுது பார்ப்பதற்கும் 3 பங்கு. மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் கொண்டுவர 1 பங்கு. மீதம் 1 பங்கு யாருக்கு? அந்த மண்டபத்திலே பாரதம் படிப்பவருக்கு!

ஆம், தோழர்களே! சுமார் 1300 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணிலே பாரதத்தைப் படித்தவருக்கு மானியம் இருந்தது. அதே பாரதத்தை வெயிலிலே உழுதவர்களுக்கும், நாற்று நட்டவர்களுக்கும் விளங்கும்படி இரவெல்லாம் ஆடிக் காட்டியவனுக்கு அந்தப் பட்டயத்திலே பங்கு கிடையாது. கணக்கு அன்றைக்கே அப்படித்தான் போடப்பட்டது.

அப்படிப் பங்கில்லாதவர்களிலே ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயர் வேண்டாம். விளம்பரத்தை அவர் விரும்பாதவர். அவர் ஆடிய ஊரின் பெயரும் வேண்டாம். என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர், காஞ்சி வட்டாரத்திலே உள்ளது. அந்த அளவு போதும்.

1972-ஆம் ஆண்டுக் கோடை. எனக்கு ஒன்பது வயது. அவ்வூரிலே பாரதக் கூத்து வைத்தனர். பிற்பகலிலே பிரசங்கியார் பாரதம் சொல்வார், இரவிலே கூத்து. ஆர்மோனியம் இழையும், முகவீணை கீச்சிடும், மத்தளம் அதிரும், இருவர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பும். துரியோதனன் வருகிறான்! கலியாண முருங்கைக் கட்டையிலே கடைந்து கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், தோளிலே புஜக்கட்டை, மார்பிலே பதக்கம், முகத்திலே அரிதாரம். கட்டியக்காரன் கேலி பேசுவான், மன்னன் உறுமுவான், கூட்டம் குலுங்கும்.

கூட்டம் குலுங்கும் என்றேனே, அந்தக் கூட்டத்திலே நாங்கள் இல்லை. எங்கள் சேரிக்காரர்களுக்கு வயல் வரப்புதான் இடம். அங்கே நின்றபடி பார்க்கலாம், பாய் விரிக்கக்கூடாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலே மின்னிய கிரீடமும், காற்றிலே வந்த குரலும்தான். பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியுமா? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியிலே திரௌபதி அம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்களை நுழையவிடாமல் தடுத்து, 2023 ஜூனிலே கோயிலுக்கே அதிகாரிகள் முத்திரையிட நேர்ந்ததே! உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு 2024 மார்ச்சிலேதான் மீண்டும் திறந்தார்கள்.

இந்த வீமன், அருச்சுனன், தருமன் எல்லாரையும் விட்டு, ஒரு சேரிச் சிறுவன் துரியோதனன் மீது ஏன் மோகம் கொண்டான்? அத்தைதான் காரணம். களத்துமேட்டிலே படுத்துக்கொண்டு கதை சொல்வாள். வில்வித்தை அரங்கிலே கர்ணனைப் பார்த்து, “உன் குலம் என்ன?” என்று கேட்டார்கள், கேட்ட மாத்திரத்திலே அவனுக்கு அங்க நாட்டையே கொடுத்தவன் துரியோதனன் என்பாள். பாஞ்சாலியின் சேலையைப் பற்றி இழுக்கச் சொன்னவனும் அவனே என்பதை அடுத்த இரவு சொல்வாள். முதல் கதை மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. குலம் கேட்டவர்களுக்கு நடுவிலே ஒரு நாட்டைத் தூக்கிக் கொடுத்தவன், அந்தக் கிரீடக்காரன்!

படுகளத்தன்று களிமண்ணாலே ஒரு துரியோதனனைத் தரையிலே கிடத்தினர். அதன் மேல் ஏறி நின்று வீமனோடு பொருதார் அவர். சாய்ந்தார், சுருண்டார், நான்கு பேர் தாங்கிப் பிடித்தனர். “சாமி வந்துவிட்டது!” என்று கன்னத்திலே போட்டுக்கொண்டது ஊர். மாலையிலே தீ மிதித்தார்கள். விழா முடிந்தது.

ஆனால் மறுநாள் இரவு அந்தக் கூட்டத்தார், மூட்டை முடிச்சோடு எங்கள் சேரிக்கு வந்தனர். பதினெட்டாம் போர் ஆடினர். காசு கேட்கவில்லை. அத்தை வீட்டு வாசலுக்கு நேரே ஆட்டம்! நான் முன்வரிசையிலே, பாயிலே, உட்கார்ந்து பார்த்தேன். கிறுகிறுவென்று அவர் சுழன்றபோது வியர்வைத் துளி என் முகத்திலே தெறித்தது. அதைத் துடைக்கவும் மனம் வரவில்லை எனக்கு.

அதன் பின்னர் படித்தேன், ஆசிரியனானேன், ஓய்வும் பெற்றேன். அந்தத் துரியோதனன் மட்டும் எங்கே போனார் என்று தெரியவில்லை. சென்ற ஆண்டு உறவினர் ஒருவரின் கருமாதியிலே கர்ண மோட்சம் வைத்தனர். எங்கள் பக்கத்திலே அது வழக்கம். ஆர்மோனியக்காரரிடம் பேச்சுவாக்கிலே கேட்டேன். “அவரா? இருக்கிறாரே!” என்று ஊரும் தெருவும் சொன்னார்.

எண்பதைக் கடந்த கிழவர், திண்ணையிலே அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். “ஐயா, ஒன்பது வயதிலே உங்கள் துரியோதனனைப் பார்த்தவன் நான்” என்றேன். இடிப்பதை நிறுத்தவில்லை. “எந்த ஊர்லே தம்பி?” என்றார். சொன்னேன். உலக்கை நின்றது.

“ஊர்லேயா, சேரியிலேயா?”

“சேரியிலே.”

“அப்ப நீ நல்லாவே பார்த்திருப்பே” என்று சிரித்தார்.

பகுத்தறிவுக்காரனாயிற்றே, கேட்க வேண்டியதைக் கேட்டேன். படுகளத்திலே சாமி வந்தது மெய்தானா?

“பத்து ராத்திரி தூக்கமில்லே. விரதம்னு வயிறு காலி. தலையிலே கட்டை, தோளிலே கட்டை, மேலே வெயில். மயக்கம் வராம என்ன தம்பி வரும்? தண்ணி கொடுங்கடான்னு முனகினேன். அருள்வாக்குன்னு விபூதியைக் கொண்டாந்தானுங்க!”

துச்சாதனன் சேலையைத் தொடுமுன் கர்ப்பூரம் ஏற்றி வணங்குகிறானே, அது? “ஏத்தலேன்னா சனங்க நம்பமாட்டாங்க, நம்பிட்டாங்கன்னா அடிக்க வருவாங்க. ரெண்டுக்கும் சேர்த்துதான் கர்ப்பூரம்!” எத்தனையோ மேடைகளிலே நாம் மணிக்கணக்கிலே பேசியதை, பற்றாக்குறைப் பல்லோடு இரண்டே வரியிலே முடித்துவிட்டார் மனிதர்.

பிறகுதான் நான் கேட்டது: “எங்கள் சேரியிலே ஏன் ஐயா ஆடினீர்கள்?”

நெடுநேரம் பேசவில்லை. “பத்து நாளும் உங்க ஆளுங்க வரப்பு மேலே நின்னுக்கிட்டே பாத்தாங்க. ஆடறவனுக்கு அது தெரியும் தம்பி” என்றார். உள்ளே இருந்த அம்மையார்தான் மீதியைச் சொன்னார். மறு ஆண்டு அவ்வூரிலிருந்து தாம்பூலம் வரவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தும் வரவில்லை. ஐந்து ஊர் போயிற்று. கூட்டத்திலே இருவர் பிரிந்து போயினர். கறவை மாடு ஒன்று சந்தைக்குப் போயிற்று. “ஒரு ராத்திரிக் கூத்துக்கு என் பசுமாட்டைக் கொடுத்தார்” என்று அந்த அம்மையார் சொன்னபோது குரலிலே கோபம் இருந்தது. ஐம்பது ஆண்டாகியும் ஆறாத கோபம், நியாயமான கோபம். அந்த மாட்டின் விலையிலேதான் நான் முன்வரிசையிலே உட்கார்ந்திருக்கிறேன்!

கூத்துக்காரர்களைத் தேடிச் சென்றவன் நான் மட்டுமல்லன். தஞ்சைச் சீமைப் புஞ்சையிலே பிறந்த எழுத்தாளர் ந. முத்துசாமி, செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையின் நடேசத் தம்பிரான் ஆட்டத்திலே மனம் பறிகொடுத்தார். 1977-இலே கூத்துப்பட்டறை பிறந்தது. புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் சென்னை இளைஞர்களுக்கு ஆசானானார். இலக்கியம் அறிந்தவர், அடவு அறிந்தவர் முன் மாணவராக நின்றார். காஞ்சியை அடுத்த புஞ்சரசந்தாங்கலிலே பி. இராஜகோபாலும் டச்சு ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் 2002-இலே கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கினர். ஆண்களே பாஞ்சாலியாகிய கலையிலே, பெண்பிள்ளைகள் கட்டை கட்டி ஆடினர். அந்தக் குருகுலம் 2020-இலே மூடப்பட்டது.

பெண்பிள்ளைகள் மன்னர் வேடம் கட்டியதைக் கிழவரிடம் சொன்னேன்.

“கட்டையைத் தூக்க முடிஞ்சுதா?” என்றார்.

“முடிந்தது ஐயா.”

“கிறுக்கி சுத்தினாங்களா?”

“சுற்றினார்கள்.”

“அப்ப சரி” என்று வெற்றிலையை வாயிலே போட்டுக்கொண்டார்.

அவரிடம் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. கையெழுத்துப் பாட்டு நோட்டுகள். பாதியைச் செல் அரித்துவிட்டது. கண்ணும் மங்கிவிட்டது. ஆனால் மனப்பாடம் மங்கவில்லை. எனவே ஞாயிறுதோறும் போகிறேன். அவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன். திரைப்பாட்டு, கட்டியக்காரன் வசனம், தாளம் மாறும் இடம் எல்லாம். பிழையாக எழுதினால் திண்ணையிலே விரலாலே தட்டி, “மறுபடி” என்கிறார். நாற்பது ஆண்டு மாணவர்களை நான் அதட்டிய குரல் அது! அம்மையார் எனக்கு முதல் மாதம் மோர்கூடக் கொடுக்கவில்லை. சென்ற மாதம் முதல் கொடுக்கிறார். அபிமன்யு வதம் முடிந்தது. வரும் ஞாயிறு கர்ணனுக்குக் கிரீடம் சூட்டுகிற இடம். நோட்டு இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.