மூடியிருக்கு, ஆனா பூட்டல

கொஞ்சம் நீளமான த்ரெட். கும்மிடிப்பூண்டி சிப்காட் மெஷின்ல நசுங்குற விரல்களைப் பத்தித்தான். ஆனா அதுக்கு ஒரு குட்டி விமானத்துல ஏறிப் போயிட்டு வரணும். பொறுமையா வாங்க.

2024ல ஒரு வீடியோ சுத்துச்சு, பார்த்திருப்பீங்க. நெதர்லாந்து விமானி நரீன் மெல்கும்ஜான், எக்ஸ்ட்ரா 330 விமானத்துல சாகசப் பயிற்சி எடுத்துட்டு இருக்கார். திடீர்னு தலைக்கு மேல இருக்கிற கண்ணாடி மூடி, அதாவது கனோபி, திறந்துகிட்டு நொறுங்குது. முகத்துல காத்து அறையுது. கண்ணைத் திறக்க முடியல, மூச்சு விட முடியல. அந்த நிலைமையிலயும் பத்திரமா தரையிறக்கிட்டார். பார்வை முழுசா திரும்ப கிட்டத்தட்ட 28 மணி நேரம் ஆச்சுன்னு அவரே எழுதினார். காரணம் என்ன? பூட்டுற பின் அதோட இடத்துக்குப் போகவே இல்ல. மூடி மூடியிருந்துச்சு, பூட்டல.

"கிளம்புறதுக்கு முன்னாடி பார்த்திருக்கணும்ல?" உங்களுக்கும் இதுதான் தோணும். அவரும் தன் மேலதான் பழியைப் போட்டுக்கிட்டார். எனக்கு வேற கேள்வி. பூட்டாத மூடி, பூட்டின மூடி மாதிரியே ஏன் உட்கார்ந்திருந்துச்சு?

சொந்தமா விமானம் கட்டுறவங்களுக்கு இது தலைபோற விஷயம். நம்ம ஊர்லயும் அப்படி ஆட்கள் இருக்காங்க. மும்பை காந்திவலியில மொட்டை மாடியில விமானம் கட்டின அமோல் யாதவ், பல வருஷம் அலைஞ்சு 2019ல பறக்க அனுமதி வாங்கினார். கேரளாவுல காது கேளாத, வாய் பேச முடியாத சஜி தாமஸ் கட்டின இருவர் விமானம் பறந்துச்சு. 2017ல வந்த பிருத்விராஜோட 'விமானம்' படத்துக்கு அவர் வாழ்க்கைதான் தூண்டுதல். இவங்களை மாதிரி ஆட்கள் எஞ்சினுக்கும் இறக்கைக்கும் வருஷக்கணக்கா மண்டையை உடைச்சுப்பாங்க. கொண்டி மட்டும் ஹார்டுவேர் கடையில கிடைக்கிற சின்ன சாமான்தானேன்னு தோணிடும். அங்கதான் ஆபத்து.

வளைஞ்ச மூடிக்கு மேல காத்து வேகமா ஓடும்போது, இறக்கையை மேல தூக்குற அதே சக்தி மூடியையும் மேல இழுக்கும். வேகம் ரெண்டு மடங்கானா இழுவை நாலு மடங்கு. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துல காத்தோட அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 190 கிலோ எடை அளவுக்கு வரும். அதுல பாதி உறிஞ்சினாலே மூட்டைக்கணக்குல ஆச்சு. அதனாலதான் ரன்வே வரைக்கும் உருண்டு போகும்போது அந்தக் கொண்டி எந்தத் துப்பும் குடுக்காது. தரையை விட்டு எழும்பின பிறகுதான் காட்டிக்குடுக்கும்.

இதுக்கு நல்ல தீர்வுகள் புதுசு இல்ல, உங்க வீட்டுலயே இருக்கு. ரப்பர் வளையம் வெச்ச கண்ணாடி ஜாடியோட கம்பிக் கிளிப்பைப் பாருங்க. நடுப்புள்ளியைத் தாண்டி 'டக்'னு விழுந்தா, மூடி மேல தள்ளத் தள்ள அது இன்னும் இறுகும். கார் பானட்டைப் பாருங்க. உள்ள லீவரை இழுத்தாலும் முழுசா திறக்காது. விரலை விட்டுத் தேடி இன்னொரு கொக்கியைத் தள்ளணும். முதல் கொக்கி ஏமாத்தினாலும் ரெண்டாவது ஒரு விரற்கடைக்கு மேல விடாது. விமான மூடிக்கும் இந்த ரெண்டும் வேணும். மூணாவதா ஒண்ணு: பூட்டலன்னா அது கண்ணுக்குத் தெரியணும். கைப்பிடி துருத்திக்கிட்டு நிக்கணும், இல்ல சிவப்புப் பட்டை தெரியணும்.

ஒரு டாக்டரா நான் இன்னொண்ணும் சேர்ப்பேன். விழுந்து கவிழ்ந்த விமானத்துல, ஒத்தைக் கையால, உள்ள இருந்தும் வெளிய இருந்தும் அது திறக்கணும். 1967 ஜனவரி 27, அப்போலோ 1. தரையில நடந்த சோதனையிலதான் தீப்பிடிச்சுது. கதவு உள்பக்கமா திறக்கிற மாதிரி இருந்ததால திறக்கவே முடியல. 3 பேர் போயிட்டாங்க. பறக்கும்போது திறக்கவே கூடாது, ஆபத்துன்னா உடனே திறக்கணும். இந்த ரெண்டையும் ஒரே கொண்டிகிட்ட கேக்குறோம். அதனாலதான் அது சின்ன சாமான் இல்ல.

இப்போ பெரிய விமானம். டிசி-10 சரக்குக் கதவு. கொக்கிகள் முழுசா மாட்டாட்டியும், கொஞ்சம் பலமா அழுத்தினா வெளிக் கைப்பிடி மூடிக்கும். விமானி அறையில எச்சரிக்கை விளக்கும் அணைஞ்சிடும். 1972 ஜூன் 12ல கனடாவோட வின்ட்சர் மேல பறக்கும்போது ஒரு கதவு பிய்ச்சிக்கிட்டுப் போச்சு. 67 பேரும் பிழைச்சது விமானிகளோட திறமை. அதே மாசம் 27ஆம் தேதி டான் ஆப்பிள்கேட்ங்கிற பொறியாளர், இது மறுபடி நடக்கும்னு தன் கம்பெனிக்குள்ள எழுதியே வெச்சார். 1974 மார்ச் 3, பாரிஸ் பக்கத்துல துருக்கி ஏர்லைன்ஸ் விமானம். அதே கதவு. 346 பேர், ஒருத்தரும் மிஞ்சல.

அன்னைக்கு அந்தக் கதவை மூடின தொழிலாளி மேலதான் முதல்ல விரல் நீண்டுச்சு. கதவுல ஒரு சின்னக் கண்ணாடித் துளை இருந்துச்சு, பின் மாட்டியிருக்கான்னு அது வழியா பார்க்கலாம். பக்கத்துல விளக்கமும் ஒட்டியிருந்துச்சு, ஆங்கிலத்துலயும் துருக்கியிலயும். அவருக்கு மூணு மொழி தெரியும். இந்த ரெண்டும் அதுல இல்ல.

இந்த இடத்துல இருந்து நேரா கும்மிடிப்பூண்டிக்கு வந்திடலாம், ரொம்ப தூரம் இல்ல.

எங்க கேஷுவாலிட்டிக்கு வர்ற கை காயங்கள்ல ஒரு வகை, பார்த்ததும் தெரியும். பவர் பிரஸ்ல தகடு அடிக்கும்போது டைக்கு நடுவுல மாட்டின விரல். வர்றது பெரும்பாலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்ல இருந்து வந்த இருபத்தி சொச்சம் வயசுப் பசங்க. கூட ஒரு சூப்பர்வைசர் வருவார். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல எப்படி ஆச்சுன்னு எழுதணும்ல, கேட்டா பதில் தயாரா இருக்கும்: "கவனக்குறைவு சார். கையை உள்ள விட்டுட்டான்."

நான் அடுத்த கேள்வி கேட்பேன். "கை உள்ள இருக்கும்போது மெஷின் எப்படிங்க இறங்குச்சு?"

அந்த பிரஸ்ஸுக்கு முன்னாடி ஒரு தடுப்புக் கதவு இருக்கணும். கதவு மூடினாத்தான் மெஷின் ஓடும். அதுக்கு ஒரு சின்ன லிமிட் சுவிட்ச். உற்பத்தி வேகம் குறையுதுன்னு அந்த சுவிட்சை அமுக்கி வெச்சு ஒயரால கட்டிடுவாங்க. ரெண்டு கையாலயும் அழுத்த வேண்டிய ரெண்டு பட்டன்ல ஒண்ணுல குச்சியைச் செருகிடுவாங்க. இதுக்கு 'பைபாஸ்'னு பேர். எங்க ஊர்ல அது ஹார்ட்டுக்குப் பண்றது, அங்க மெஷினுக்கு. கதவு திறந்துதான் இருக்கும், மெஷின் மட்டும் கதவு மூடியிருக்குன்னு நம்பிக்கிட்டு இறங்கும். டிசி-10ல அணைஞ்ச விளக்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு நீங்களே சொல்லுங்க.

ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 21ஆம் பிரிவு சொல்லி 75 வருஷம் தாண்டிடுச்சு. போன விரலுக்கு விலையும் அட்டவணையா இருக்கு. கட்டைவிரல்னா 30 சதவீத உழைப்புத்திறன் இழப்பு. ஆள்காட்டி 14, நடுவிரல் 12, மோதிரவிரல் 7. இந்த எண்களை ஒரு பையன்கிட்ட ஹிந்தியில விளக்கிட்டு இருந்தேன். "திரும்ப அதே மெஷின்லதான் விடுவாங்களா டாக்டர் சாப்?"னு கேட்டான். அட்டவணையில அதுக்கு பதில் இல்ல.

எல்லா முதலாளியும் ஒரே மாதிரின்னு சொல்ல மாட்டேன். திருவள்ளூர் பக்கம் சின்ன பட்டறை வெச்சிருக்கிற ஒரு அண்ணன், சுகர் செக்கப்புக்கு வருவார். அவர்கிட்ட இந்த விமானக் கதையெல்லாம் சொல்லிட்டு இருந்தேன், ஓபில கூட்டம் இல்லாத ஒரு நாள். அடுத்த தடவை போன்ல போட்டோ காட்டினார். தடுப்புக் கதவுலயும் சட்டத்துலயும் மஞ்சள் பெயின்ட்ல ஒரு கோடு. சரியா பூட்டினா ரெண்டும் ஒரே நேர்கோடு, இல்லன்னா கோடு உடைஞ்சு தெரியும். படிக்கவே தெரிய வேணாம். சுவிட்சையும், சும்மா அமுக்கி கட்ட முடியாத காந்த வகைக்கு மாத்திட்டார். "உற்பத்தி கொஞ்சம் குறைஞ்சுதான் போச்சு சார்"னார். அதையும் மறைக்காம சொன்னது எனக்குப் பிடிச்சுது.

கடைசியா ஒரு மெடிக்கல் விஷயம், பட்டறை வெச்சிருக்கிறவங்க சேவ் பண்ணிக்கோங்க. விரல் துண்டாயிட்டா காயத்துல சுத்தமான துணியை வெச்சு அழுத்திக் கட்டுங்க, கையை உயர்த்தி வைங்க. துண்டான விரலை ஈரத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கமா மூடி, அந்தக் கவரை ஐஸ் தண்ணியில வைங்க. ஐஸ் நேரடியா விரல்ல படக்கூடாது, திசு செத்துடும். காபித்தூள், மஞ்சள் எதுவும் வேணாம். 108க்கு அடிங்க. பக்கத்து ஜிஹெச்ல ரத்தத்தை நிறுத்தி, டிடி ஊசி போட்டு, ஸ்டான்லிக்கு அனுப்புவோம். டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கின கை அறுவை சிகிச்சைத் துறை அங்க இருக்கு. சாய்வா வெட்டுப்பட்ட விரல் நுனியை மூட அவர் 1980ல எழுதின முறையை வெளிநாட்டு டாக்டர்களும் படிக்கிறாங்க. விரலைத் தேடி எடுக்க நேரமாகும்னா ஆளை முதல்ல அனுப்பிடுங்க, விரல் பின்னாடி பைக்ல வரட்டும்.