பையச் சட்டி

எங்கள் நாஞ்சில் நாட்டில் எல்லா அவசரத்துக்கும் ஒரே மருந்துதான். 'பைய'.

பஸ்ஸில் ஏறினால் 'பைய ஏறு'. இறங்கினால் 'பைய இறங்கு'. பெண்ணுக்கு வரன் தள்ளிப் போகிறதா? 'பைய அமையும்'. கொடுத்த கடன் வரவில்லையா? 'பையத் தருவான்'. (தர மாட்டான் என்று அர்த்தம்!) மற்ற ஊர்க்காரர்கள் 'மெதுவாக' என்று நாலு எழுத்தைச் செலவழிப்பார்கள். நாங்கள் இரண்டே எழுத்தில் முடித்துவிடுவோம். நிதானத்திலும் ஒரு சிக்கனம். நெல்லைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், இந்தச் சொல்லில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

அப்பேர்ப்பட்ட ஊருக்கு, மெதுவாகச் சமைப்பதற்கென்றே அமெரிக்காவிலிருந்து ஒரு மெஷின் வந்து சேர்ந்தது. பெயர் ஸ்லோ குக்கர். நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் லீவில் வந்தபோது தூக்கிக்கொண்டு வந்தான். கனமான பீங்கான் சட்டி, அது உட்கார ஒரு மின்சாரக் கூடு, கண்ணாடி மூடி. 'லோ', 'ஹை' என்று ஒரு திருகு. விசில் கிடையாது, புகை கிடையாது. காலையில் போட்டுவிட்டுப் போனால் மத்தியானம் வெந்திருக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. அரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் அண்ணன் வாங்கி வந்தான்.

நான் பி.காம். எதற்கும் வரவு செலவு பார்க்காமல் தூக்கம் வராது. மெஷின் இலவசம். ஆனால் அது 120 வோல்ட் ஜாதி. நம் வீட்டு பிளக்கில் வருவதோ 230. "நேரா சொருகினா சூடு நாலு மடங்கு ஏறிடும்க்கா" என்றார் எலெக்ட்ரீஷியன் தம்பி. பையச் சமைக்க வந்த சட்டி வேகமாகப் பரலோகம் போய்விடுமாம்! ஆகவே ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கினோம். அம்மிக் குழவி கனம். இலவசத்தின் பற்று இரண்டாயிரத்துச் சொச்சம்.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பீங்கான் சட்டியை ஒருமுறை கழுவினாள். துடைத்தாள். மறுபடியும் கழுவினாள்.

"அப்ப இனி அடுக்களையில நிக்க ஆளு வேண்டாம். அப்படித்தானே மக்கா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருஷமாக ஒரு வேலையைச் செய்தவரிடம், 'இனி நீங்க சிரமப்பட வேண்டாம்' என்று சொல்வதும், 'நீங்க வேண்டாம்' என்று சொல்வதும் காதுக்கு ஒன்று போலத்தான் கேட்கும் போலிருக்கிறது.

இந்தச் சட்டியின் பூர்வீகத்தைத் தேடிப் பார்த்தால் அங்கேயும் ஓர் அம்மாதான் இருக்கிறாள். இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர் 1940-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய அம்மா லிதுவேனியாவில் வளர்ந்த யூதப் பெண். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமையே பயறும் கறியும் போட்ட பானையை ரொட்டிக் கடைக்குக் கொடுத்தனுப்புவார்கள். வேலை முடிந்து ஆறிக்கொண்டிருக்கும் அடுப்பின் மிச்சச் சூட்டில் அது ராத்திரி முழுக்க வேகும். அம்மா சொன்ன இந்தக் கதைதான் மகனின் மெஷின் ஆனது. 1970-ல் வேறொரு கம்பெனி அதை வாங்கி, 1971-ல் 'கிராக் பாட்' என்று பெயர் மாற்றி விற்றது. வேலைக்குப் போகும் பெண்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

நாமும் சளைத்தவர்களில்லை. 1910-லேயே கல்கத்தாவில் டாக்டர் இந்துமாதவ் மல்லிக் என்பவர், அடியில் கரிக்கனல், மேலே அடுக்கு டப்பாக்கள் என்று 'இக்மிக் குக்கர்' செய்துவிட்டார். வைத்துவிட்டு ஆபீஸ் போகலாம், வந்து சாப்பிடலாம்.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். "இதுக்குக் காப்புரிமை வேறயா? சிரட்டைக் கனல்ல மண்சட்டியை வச்சா மீன்கறி விடிய விடியச் சூடாத்தானே இருக்கும்!" என்றாள். வாஸ்தவம். ஆனால் கனலுக்குக் காவல் வேண்டும். கூடிவிட்டால் அடிபிடிக்கும், குறைந்தால் அணைந்துவிடும். பையச் சமைப்பது நமக்குப் புதிதல்ல. அந்த 'பைய'க்கு ஆன நேரம் யார் கணக்கில் பற்று எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி. எங்கள் வீட்டில் அம்மா கணக்கில். அவள் போன கல்யாணங்களில் பாதிக்குத் தாலி கட்டி முடிந்த பிறகுதான் போயிருக்கிறாள்.

அண்ணன் கொடுத்த சமையல் புத்தகத்தில் முதல் அயிட்டமே, இனிப்பும் புளிப்புமான இறைச்சி உருண்டை. அமெரிக்காவில் விருந்துகளுக்கு இது பிரசித்தம். திராட்சை ஜெல்லியும் பாட்டில் சில்லி சாஸும் ஊற்றிச் செய்கிறவர்கள்கூட உண்டாம்.

"ஜாமையா கறியில ஊத்துகான்!" அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர்க் கல்யாண இலையில் ஓரமாக ஒரு சொட்டு இஞ்சிப் பச்சடி வைப்பார்களே, அது என்ன? புளியும் இனிப்பும் காரமும் சேர்ந்து சுண்டியதுதானே! மாம்பழப் புளிசேரி? அதுவும் அதே கட்சிதான். உருண்டையும் அந்நியமில்லை. மதுரையிலும் செட்டிநாட்டிலும் கோலா உருண்டை. வடக்கே போனால் கோஃப்தா. தங்கள் தேசிய உருண்டையின் பூர்வீகம் துருக்கி என்று ஸ்வீடன்காரர்களே 2018-ல் ட்விட்டரில் ஒப்புக்கொண்டார்கள்!

ஆக, ஜெல்லிக்குப் பதில் கருப்பட்டி. சாஸுக்குப் பதில் புளி. புத்தகத்தில் இருந்த அன்னாசி மட்டும் அப்படியே. குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஊடுபயிராக விளைகிற சாமான். நாங்கள் கைதச்சக்கை என்போம்.

'எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடுக' என்றது புத்தகம். நான் அன்னாசித் துண்டுகளை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்தாள்.

"பச்சையா போடாத. நாக்கையே அறுக்கும், கறியை விடுமா? மஞ்சப்பொடி, உப்பு போட்டு ஒரு கொதி விட்டுட்டுப் போடு."

பிறகு படித்துப் பார்த்தேன். பச்சை அன்னாசியில் புரோமலைன் என்ற என்ஸைம் இருக்கிறது. இறைச்சியின் புரதத்தையே அரித்துவிடும். சாதாரண அடுப்பில் சட்டென்று சூடேறி அது செத்துப்போகும். ஸ்லோ குக்கரில் சூடு பைய ஏறுவதால் அதற்கு நிறைய அவகாசம். உருண்டை கூழாகிவிடும். அமெரிக்காக்காரர்கள் டின் அன்னாசியைக் கொட்டுகிறார்கள். டின்னில் அடைக்கும்போதே அது வெந்துவிடுவதால் புத்தகத்துக்கு இந்தக் கவலையே இல்லை. அம்மா எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. பச்சடி வைத்தே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

செய்முறை இதுதான். அரை கிலோ கொத்துக்கறியோடு பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, நல்லமிளகுப் பொடி, உப்பு, ஒரு முட்டை, இரண்டு கரண்டி பொரிகடலை மாவு சேர்த்துப் பிசைந்து நெல்லிக்காய் அளவில் உருட்டவும். தேங்காய் எண்ணெயில் மேலாகச் சிவக்க வறுத்துக்கொள்ளவும். இல்லாவிட்டால் உருண்டை உடையும், மணமும் வராது. எலுமிச்சம்பழ அளவு புளியை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, 75 கிராம் கருப்பட்டியைப் பாகு காய்ச்சி வடிகட்டி ஊற்றவும். (கருப்பட்டியில் மண் இருக்கும். வடிகட்டாவிட்டால் பல்லுக்கு நான் பொறுப்பல்ல.) நறுக்கிய இஞ்சி, ஒரு ஸ்பூன் மிளகாய்ப் பொடி, உப்பு, ஒரு கொதி விட்ட அன்னாசி ஒரு கப். எல்லாம் கொதித்ததும் சட்டியில் ஊற்றி, உருண்டைகளைப் போட்டு, 'லோ'வில் நாலு மணி நேரம். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது, சூடு இறங்கிவிடும். எங்கள் சட்டிக்கு ஒரு யூனிட் கரண்டுகூட ஆகவில்லை. ஓர் எச்சரிக்கை: ராஜ்மா போன்ற பயறை ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, அடுப்பில் பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்க விடாமல் இந்தச் சட்டியில் போடாதீர்கள். அதிலுள்ள நஞ்சு இந்தச் சூட்டுக்கு முறியாது.

மூடி போட்டாயிற்று. மணி எட்டரை. அம்மா அடுக்களை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள், காவலுக்கு!

"அம்மா, பூதப்பாண்டி போயிட்டு வருவமா?"

பூதப்பாண்டியில் பெரியம்மா இருக்கிறாள். எழுபத்தாறு வயது. காது மந்தம். வடசேரியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்தான். ஆனால் அம்மா எப்போது போனாலும் பத்தரைக்கே எழுந்துவிடுவாள். 'கறி வைக்கணும்' என்பாள். காது மந்தமானவளிடம் எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஒரு தரம் சொல்லவே நேரம் இருந்ததில்லை.

அன்று போனோம். முதல் அரை மணி நேரம் அம்மா என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தீ கிடக்குல்லா வீட்ல..." "தீ இல்லம்மா, கரண்டு." அதன் பிறகு கடிகாரத்தை மறந்துவிட்டாள். அக்காளும் தங்கச்சியும் திண்ணையில் காலை நீட்டிப்போட்டு, செத்துப்போன ஆச்சியின் வெங்கல உருளியை யார் கொண்டுபோனது என்ற ஐம்பது வருஷ வழக்கைத் தூசி தட்டினார்கள். சண்டை, சிரிப்பு, கொஞ்சம் அழுகை. தீர்ப்பு ஒத்திவைப்பு. பன்னிரண்டரைக்கு நான்தான் "கிளம்புவமா?" என்று கேட்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தோம். குழம்பு கறுத்து மினுங்கியது. ஓர் உருண்டைகூட உடையவில்லை. அம்மா சட்டுவத்தில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினாள். ஒரு சின்னத் துண்டு கருப்பட்டி, இரண்டு கல் உப்பு போட்டாள். மறுபடியும் நக்கினாள்.

"கொள்ளாம்."

எங்கள் ஊரில் இதற்கு மேல் விருது கிடையாது. எட்டு உருண்டை தூக்குச்சட்டியில் பெரியம்மாவுக்குப் போனது. 'எரிப்பு காணாது' என்று அபிப்பிராயம் வந்தது. சட்டி மட்டும் காலியாகத் திரும்பி வந்தது.

இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் இந்தச் சட்டிதான். 'பையச் சட்டி' என்று அம்மாதான் பெயர் வைத்தாள். புளிக்கும் கருப்பட்டிக்கும் அளவு அவள் சொல்வாள், உட்கார்ந்தபடி. போன வாரம் அண்ணன் போனில் கேட்டான்: "எப்படிம்மா இருக்கு மெஷின்? அடுத்த தடவை இதை விடப் பெருசா ஒண்ணு கொண்டு வரட்டா?"

"இது போதும் மக்கா. நல்லாத்தான் வேகுது. ஆனா அதுக்கு நாக்கு கிடையாதுல்லா, அதுக்கு நான் இருக்கேன்" என்ற அம்மா, கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"சட்டியெல்லாம் வேண்டாம். இந்தத் தடவையாவது பத்து நாள்ல ஓடாம, பைய இருந்துட்டுப் போ."