பொழுது சாய்ந்தபின்?

ஒன்பது பெற்றார் நம் பாட்டி. பிழைத்தோர் ஐவர். "கடவுள் கொடுத்தான், கடவுளே எடுத்துக்கொண்டான்" என்றனர் ஊரார். நம் அன்னை பெற்றது இருவரை. இருவரும் இருக்கிறோம், பட்டமும் பெற்றோம். ஆண்டவன் அருள் கூடிற்றா, அல்லது அன்னைக்கு எழுத்தறிவும் ஆரம்ப சுகாதார நிலையமும் கிட்டினவா? தோழர்களே, நீங்களே கூறுங்கள்!

இராமநாதபுரம் மாவட்டத்துப் பள்ளியொன்றில் பணியேற்ற நாள்முதலாய் நாம் காண்பது, பலகைகள் மிகுவதும் பிள்ளைகள் குறைவதும்தான். 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்துப் பெண்ணொருத்தி சராசரியாகப் பெறும் மக்கள் 1.8. மக்கட் பெருக்கம் கண்டு 1798லேயே மருண்டார் மால்தஸ். 2022 நவம்பரில் உலகோர் தொகை 800 கோடியைத் தொட்டது; 2080களின் நடுவில் ஏறத்தாழ 1,030 கோடியை எட்டி, பிறகு இறங்கும் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் 2024ஆம் ஆண்டு மதிப்பீடு.

சென்ற திங்கள் மாணவருடன் கமுதி சென்றோம். வானம் பார்த்த பூமி, சீமைக் கருவேலங்காடு. அங்கே 2016இல் எழுந்தது சூரிய மின் நிலையம்: 648 மெகாவாட், ஏறத்தாழ 2,500 ஏக்கர், 25 இலட்சம் தகடுகள்! வெயிலைச் சாபமென்று சபித்து, யாகமும் பரிகாரமும் தேடிய மண்ணிலே, வெயிலே விளைச்சலாயிற்று.

ஒன்பதாம் வகுப்பு மாணவியொருத்தி கேட்டாள்: "மக்கள் குறைந்தால் மின்சாரம் மிஞ்சும்தானே, ஐயா?"

மிஞ்சாது. பாட்டியின் குடும்பம் முழுமைக்கும் ஒரே சிம்னி விளக்கு. நம் வீட்டு நால்வருக்கோ மின்விசிறி, குளிர்பெட்டி, மாவரைக்கும் இயந்திரம், ஆளுக்கொரு கைபேசி! தலைகள் குறைகின்றன, தேவை வளர்கிறது. வளரவும் வேண்டும், விறகடுப்பின் புகையைக் குடித்த பாட்டியின் வாழ்வுக்குத் திரும்புவதா சிக்கனம்?

அவள் விடவில்லை. "பொழுது சாய்ந்தபின்?"

அதுவன்றோ கேள்வி! வீடெல்லாம் விளக்கேற்றும் வேளையிலேதான் தகடுகள் உறங்குகின்றன. கோவை மாவட்டத்துக் கடம்பாறையிலே, மின்சாரம் மிகும்போது நீரை மேலேற்றி, தேவைப்படும்போது கீழிறக்கி 400 மெகாவாட் பெறுகின்றனர். 1980களிலேயே கண்ட வழி. அத்தகைய நீர்த்தேக்கங்களும், பெரும் மின்கலங்களும் பெருகாவிடில், பகலில் பெற்றது பகலோடு போகும் என்றோம்.

திரும்பிய அன்றே, மாலைச் சுமை தாங்காமல் எங்கள் தெரு மின்மாற்றி பழுதாயிற்று. மறுநாள் தேர்வு. அவள் கொணர்ந்த ஏட்டின் ஓரத்திலே மெழுகு படிந்திருந்தது. வேறு மின்மாற்றி கேட்டு விண்ணப்பம் எழுதினோம். கையொப்பமிட்டோருள் முதல்வி அவளே. விடை இன்னும் வரவில்லை. வரும் திங்களன்று மீண்டும் செல்கிறோம்.